விலாசதாரர் இல்லாத கடிதங்கள்: லண்டன், எடின்பரோ பயணக் குறிப்புகள்

முதல் நாள், லண்டன்

க்ரீன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் ஐந்து நிமிட நடையில் ஆல்பமார்ல் தெரு. 50-ஆம் எண் வீட்டுக்கு எதிரே, நடைபாதை ஓரமாக நின்றுகொண்டேன். நினைத்தபோது உள்ளே போய்ப் பார்க்கிற இடமல்ல என்று தெரிந்தேதான் வந்தேன். வாசற்கதவைப் பார்த்தாலே போதும் என்றிருந்தது.

ஜான் மர்ரே என்ற பதிப்பாளர் குடும்பத்தின் வீடு இது. தலைமுறை தலைமுறையாக மூத்த மகனுக்கும் ஜான் என்றே பெயர் வைத்தவர்கள். கவிஞர் பைரனின் நூல்களை வெளியிட்டவர்கள். 1824 ஏப்ரல் 19 அன்று பைரன் கிரேக்க நாட்டில் இறந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 17 அன்று இந்த வீட்டு மாடியில் அவருடைய நண்பர்களும் உறவினர் தரப்பு ஆட்களும் கூடினார்கள். அவர் எழுதி வைத்திருந்த தன்வரலாற்றைக் கிழித்துக் கணப்பில் போட்டு எரித்தார்கள். அவருடைய பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்ற எண்ணம்தான் காரணம். சாம்பலானது சாம்பலானதுதான்.

அதே வீடு, அடுத்த தலைமுறையில், பைரன் எழுதியவை என்று நம்பி 47 கடிதங்களை விலைக்கு வாங்கியது. அவை பைரன் எழுதியவை அல்ல. அசலை எரித்த வீட்டுக்குள் போலி நுழைந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் இதை எங்கோ படித்ததிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இந்தப் பயணமே அதற்காகத்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், 34 வருடம் கடிதம் பிரித்துப் போட்டவன் நான். பெரும்பாலும் இரவு வேலை. கல்லூரியில் படித்த ஆங்கிலக் கவிஞர்கள் ஷெல்லியும் கீட்ஸும் கூடவே வந்தார்கள். மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். "வந்து பத்து நாள் இருந்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சரி, வருகிறேன், ஆனால் லண்டன் பாலமும் அரண்மனையும் பார்க்க அல்ல என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஆல்பமார்ல் தெருவுக்கு அடுத்த தெரு டோவர் தெரு. அங்கே 44-ஆம் எண்ணில்தான் எட்வர்ட் மாக்ஸன் என்ற பதிப்பாளர் இருந்தார். கவிஞர் டென்னிசனின் பதிப்பாளர். தெற்கே பத்து நிமிடம் நடந்தால் பால் மால் தெரு. அங்கே வில்லியம் வைட் என்ற புத்தகக் கடைக்காரர் இருந்தார். இந்த மூன்று இடங்களையும் ஒரே காலையில் இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டேன். எவ்வளவு சின்ன வட்டத்துக்குள் நடந்திருக்கிறது என்பதைக் கால் வலித்தபோதுதான் உணர்ந்தேன்.

நடந்தது இது. 1848 வாக்கில் வைட்டின் கடைக்கு ஒரு பெண் வர ஆரம்பித்தார். அடக்கமான பேச்சு, மரியாதையான தோற்றம். கையில் ஒன்றிரண்டு பழைய கடிதங்கள், பைரன் எழுதியவை. பணமுடையால் விற்பதாகச் சொன்னார். வைட் வாங்கினார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார், மறுபடி சில கடிதங்கள். அப்புறம் ஷெல்லியின் கடிதங்களும் வந்தன. ஒரே நாளில் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொட்டியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். சொட்டுச் சொட்டாக வந்ததால் வீட்டில் சேர்த்து வைத்ததை மனசில்லாமல் விற்கிற குடும்பம் என்றே தோன்றியிருக்கிறது.

அந்தப் பெண்ணின் கணவர் தன்னை மேஜர் பைரன் என்று சொல்லிக்கொண்டவர். கவிஞருக்கும் ஒரு ஸ்பெயின் நாட்டுச் சீமாட்டிக்கும் பிறந்த மகன் தான் என்பது அவருடைய கதை. 1809-இல் பைரன் ஸ்பெயினின் காடிஸ் நகரத்துக்குப் போனது உண்மை. அந்த உண்மையின் மேல் கட்டிய கதை அது. அப்பாவின் கையெழுத்தும் அவருக்குக் கைவந்திருந்தது.

வைட்டிடமிருந்து பைரன் கடிதங்கள் மர்ரேவிடம் போயின. ஷெல்லி கடிதங்கள் 1851 மே மாதம் ஏலத்துக்கு வந்தன. அங்கே மாக்ஸன் வாங்கினார். அவற்றில் 25 கடிதங்களை 1852-இல் புத்தகமாகப் போட்டார். முன்னுரை எழுதிக் கொடுத்தவர் கவிஞர் ராபர்ட் பிரவுனிங்.

மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன். பாதம் வீங்கிவிட்டது.

இரண்டாம் நாள்

இன்று முழுக்கத் தபால். ஃபீனிக்ஸ் ப்ளேஸில் இருக்கிற தபால் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பக்கத்திலேயே மவுன்ட் ப்ளெசன்ட், லண்டனின் பெரிய கடிதம் பிரிக்கும் நிலையம். பூமிக்கடியில் தபாலுக்கென்றே ஓடிய குட்டி ரயிலில் நம்மையும் ஏற்றிக் கொஞ்ச தூரம் கூட்டிப் போகிறார்கள். 1927 முதல் 2003 வரை, பாடிங்டனிலிருந்து வைட்சாப்பல் வரை ஆறரை மைல், தெருநெரிசல் எதுவும் தெரியாமல் தபால் பைகள் கீழேயே ஓடியிருக்கின்றன. தலை குனிந்து அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்தபோது எனக்கு ராத்திரி ஆர்.எம்.எஸ். வண்டியின் வாசனையே வந்துவிட்டது. சாக்கு, அரக்கு, இங்க் எல்லாம் கலந்த வாசனை.

நான் நெடுநேரம் நின்றது முத்திரைகளுக்கு முன்னால். 1661-இல் ஹென்றி பிஷப் என்ற தபால் தலைவர் காலத்தில் வந்த முத்திரையோடு கதை தொடங்குகிறது. சின்ன வட்டம், மேலே மாதம், கீழே தேதி. கடிதம் எங்கே தாமதமானது என்று யாரும் புளுகக் கூடாது என்பதற்காக வந்தது அது. அதாவது பிறந்ததிலிருந்தே முத்திரையின் வேலை உண்மை சொல்வது.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் வேலை தொடங்குமுன் தேதி மாற்றியதும் முதல் முத்திரையைக் கடிதத்தில் குத்தக் கூடாது. அதற்கென்று இருக்கிற பதிவேட்டில் தெளிவாகக் குத்தி, சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, எந்த ஊர் முத்திரையில் எந்த எழுத்து தேய்ந்திருக்கிறது, எதில் வட்டம் ஓரத்தில் நசுங்கியிருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகிவிடும். ஊர்ப்பெயரைப் படிக்காமலே கை தானாக அந்த அறைக்குள் கடிதத்தைப் போடும். ஒரே மாதிரி இரண்டு முத்திரை உலகத்தில் கிடையாது என்று எங்கள் மூத்தவர் ஒருவர் சொல்வார். அவர் சொன்னது சரி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஷெல்லி கடிதங்களில் சந்தேகம் வந்தவுடன் மாக்ஸன் தரப்பு செய்த முதல் காரியங்களில் ஒன்று, அவற்றைத் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோனது. ஷெல்லி காலத்தில் உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதுவார்கள். முத்திரையும் அதன் மேலேயே விழும். கடிதமும் முத்திரையும் பிரிக்க முடியாதவை. காசுகூடப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கொடுப்பார். 1840-இல் ஒரு பென்னி தபால்தலை வந்தபிறகுதான் அது மாறியது. ஆக, முத்திரை உண்மையென்றால் கடிதமும் உண்மை என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது.

தபால் ஆபீஸ் குமாஸ்தாக்கள் பார்த்தார்கள். தங்களுக்குத் தெரிந்தவரை முத்திரைகள் உண்மையானவையே என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வரியை மகளின் லேப்டாப்பில், 1852 மார்ச் மாத அதீனியம் பத்திரிகையின் பழைய பக்கத்தில் படித்தபோது எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. என் தொழில்காரர்கள் ஏமாந்துவிட்டார்களே என்று. ஆனால் யோசித்தால் அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவர்கள் கையில் கிடைத்தது முப்பது வருடத்துக்கு முந்தைய கடிதங்கள். அப்போது தலைமைத் தபால் ஆபீசே லம்பார்ட் தெருவில் இருந்தது. செயின்ட் மார்ட்டின்ஸ் லே கிராண்டுக்கு மாறியது 1829-இல். அதிலும் முக்கியமான முத்திரைகள் இத்தாலியில் குத்தியவை. ராவென்னாவில் 1821-இல் எப்படிக் குத்தினார்கள் என்று லண்டன் குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்? ஒப்பிட அசல் வேண்டும். அசல் இல்லாமல் எந்தக் கெட்டிக்காரனாலும் சொல்ல முடியாது.

அசல் இருந்தது ஆல்பமார்ல் தெருவில். பைரன் இத்தாலியிலிருந்து தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதங்கள், கைமாறாமல், வந்த நாளிலிருந்து மர்ரே வீட்டிலேயே இருந்தவை. அவற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அசலில் ராவென்னா என்ற பெயர் சின்ன எழுத்தில், கூர்மையாக விழுந்திருந்தது. ஷெல்லியின் கடிதம் என்று வந்ததில் பெரிய எழுத்து, நிச்சயமில்லாத வடிவம். வெனிஸ் முத்திரையும் அப்படியே: அசலில் சாய்ந்த எழுத்து, போலியில் நிமிர்ந்த எழுத்து.

சாயங்காலம் அந்தப் பழைய தபால் ஆபீஸ் இருந்த இடத்துக்கே போனேன். கட்டடத்தை 1912-இல் இடித்துவிட்டார்கள். பக்கத்தில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்று சின்னத் தோட்டம் இருக்கிறது. மதிய நேரத்தில் தபால்காரர்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட்ட தோட்டம் என்பதால் அந்தப் பெயர். பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண மனிதர்களின் பெயர்களை ஓடுகளில் பதித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து மகள் கட்டிக்கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள்

மழை. குடையோடு செஸ்டர் ஸ்கொயர் போனேன். 24-ஆம் எண் வீட்டில் நீலத் தகடு: மேரி ஷெல்லி வாழ்ந்த வீடு. 1851 பிப்ரவரி 1 அன்று இங்கே இறந்தார். ஏலம் நடந்தது அதே வருடம் மே மாதம். மூன்று மாதம் பிந்தித்தான். அந்தக் கடிதங்களைப் பார்த்தவுடன் இது என் கணவர் எழுதியது, இது இல்லை என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனுஷி போய்ச் சேர்ந்திருந்தார்.

மேரி உயிரோடு இருந்தபோதே இந்த மேஜர் அவரை விடவில்லை. 1845, 46-இல் உங்கள் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன, விலை கொடுங்கள் என்று ஆள் விட்டார். இளவயதில் ஷெல்லியும் மேரியும் வீட்டை விட்டு ஓடிப்போனபோது பாரீசில் விட்டுவந்த ஒரு பெட்டியில் கடிதங்கள் இருந்தன. ஆகவே உண்மையாகவும் இருக்கலாம். மேரி சிலவற்றைப் பணம் கொடுத்தே வாங்கினார். செத்துப்போன கணவனின் கையெழுத்தைக் காட்டி ஒரு விதவையிடம் பணம் கேட்பது! எழுதும்போதே கை நடுங்குகிறது. இந்த ஆளின் சாமர்த்தியத்தைப் பாராட்டி எழுதியவர்களும் உண்டு. என்னால் முடியாது.

அங்கிருந்து ஹைட் பார்க் ஏரிக்கரைக்கு நடந்தேன். செர்ப்பன்டைன் என்று பெயர். 1816 டிசம்பர் 10 அன்று ஷெல்லியின் முதல் மனைவி ஹாரியட்டின் உடலை இதிலிருந்துதான் எடுத்தார்கள். டிசம்பர் 16 தேதியிட்டு ஷெல்லி மேரிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு, அந்தச் சாவைப் பற்றி. படிப்பதற்குச் சங்கடமான கடிதம். ஹாரியட்டின் குடும்பத்தின் மேல் பழிபோடுகிறது. அதை மேஜர் பைரன் தொட்டிருக்கிறார், பிரதிகள் உலவியிருக்கின்றன. அதனாலேயே 1945-இல் ராபர்ட் மெட்காஃப் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அது ஷெல்லி எழுதியதே அல்ல, போலி என்று புத்தகம் போட்டு வாதாடினார். மற்ற ஆய்வாளர்கள் தாளையும் கையெழுத்தையும் அலசி மறுத்தார்கள். இன்று பெரும்பாலானவர்கள் அதை அசல் என்றே ஏற்கிறார்கள்.

போலிக்காரன் பொய்யை உண்மையாக்கியதைவிட எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. அவன் கை பட்டதால் நூறு வருடம் கழித்தும் உண்மையான கடிதம் கூண்டில் ஏறி நிற்க வேண்டியிருந்தது.

மழை விடவில்லை. வாத்துகள் மட்டும் இருந்தன. சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

நான்காம் நாள், ட்விக்கன்ஹாம்

வாட்டர்லூவிலிருந்து ரயில். நல்ல வெயில். ஆற்றங்கரையோரம் நடந்து மான்ட்பெலியர் ரோ என்ற தெருவைக் கண்டுபிடித்தேன். பழுப்புச் செங்கல் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கின்றன, முன்னூறு வருடப் பழசு. சாப்பல் ஹவுஸ் என்ற வீட்டில் 1851 முதல் 53 வரை டென்னிசன் குடியிருந்தார்.

மாக்ஸன் அந்த ஷெல்லி கடிதப் புத்தகத்தின் ஒரு பிரதியை வழக்கம்போல் டென்னிசனுக்கு அனுப்பியிருந்தார். ட்விக்கன்ஹாமுக்கு ஃபிரான்சிஸ் டர்னர் பால்கிரேவ் என்ற இளைஞர் வந்தார், 27 வயது. பின்னாளில் கோல்டன் ட்ரெஷரி என்ற கவிதைத் தொகுப்பைச் செய்தவர். அந்தத் தொகுப்பு நம் ஊர்க் கல்லூரிகளில் பாடமாக இருந்தது. ஷெல்லியை எனக்குக் காட்டிக்கொடுத்ததே அதுதான். பால்கிரேவ் சும்மா புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். ஃபிளாரன்ஸ் நகரத்துக் கலைகளைப் பற்றி ஷெல்லி தன் மாமனார் காட்வினுக்கு எழுதியதாக ஒரு கடிதம். படிக்கப் படிக்க எங்கேயோ கேட்ட வாசகம். கேட்ட இடமும் ஞாபகம் வந்தது: அவருடைய அப்பா எழுதியது! சர் ஃபிரான்சிஸ் பால்கிரேவ் 1840-இல் க்வார்ட்டர்லி ரெவ்யூ பத்திரிகையில் எழுதிய கட்டுரையின் பத்திகள் அப்படியே இருந்தன. ஷெல்லி 1822 ஜூலையில் கடலில் மூழ்கி இறந்தவர். பதினெட்டு வருடம் கழித்து அச்சான கட்டுரையை அவர் எப்படிப் பார்த்து எழுதுவார்?

அந்த அப்பா யார் என்றால், இங்கிலாந்து அரசாங்க ஆவணங்கள் அத்தனைக்கும் பொறுப்பாளராக இருந்தவர். பழைய தாள்களோடு வாழ்ந்த மனிதர். மகனிடமிருந்து சேதி போனதும் மாக்ஸனுக்கு எழுதினார். மாக்ஸன் ஒரு நிமிஷம்கூடச் சப்பைக்கட்டுக் கட்டவில்லை. புத்தகத்தை விற்பனையிலிருந்து எடுத்தார், வெளியே போனவற்றையும் திரும்பக் கேட்டார். இதனால்தான் தப்பிய பிரதிகள் இன்று அபூர்வம். நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு அவர் நடந்துகொண்ட விதம் மரியாதைக்குரியது.

இதை அந்த வீட்டு வாசலில் நின்று யோசித்தபோது ஒன்று தெளிவாயிற்று. கையெழுத்து நிபுணர்கள் பார்த்தார்கள், தாள் பார்த்தார்கள், அரக்கு பார்த்தார்கள், முத்திரை பார்த்தார்கள். அசலோடு ஒப்பிடும்வரை எல்லாம் தேறிவிட்டது. முதலில் பிடித்தது, அப்பா எழுதியதை ஆசையாகப் படித்து மனசில் வைத்திருந்த ஒரு மகன். அந்த வாக்கியங்களுக்கு ஒரு வீடு இருந்தது. வீட்டுப் பிள்ளை அடையாளம் கண்டுகொண்டான்.

பிரவுனிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையனாக இருந்தபோது ஷெல்லியைப் படித்துவிட்டு, ஷெல்லி மாதிரியே மாமிசத்தைக்கூட விட்டுவிட்டவர் அவர். அத்தனை பிரியம். 1851 டிசம்பர் 4 என்று தேதியிட்டுப் பாரீசிலிருந்து அந்த முன்னுரையை எழுதினார். போலிக் கடிதங்களுக்கு எழுதிய முன்னுரை ஆயிற்றே என்று அதைத் தூக்கிப் போட முடியாது. அதில் அவர் அந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. கவிஞன் என்றால் யார், வெளியே பார்க்கிறவனா உள்ளே பார்க்கிறவனா, ஷெல்லி எந்த வகை என்றுதான் நீளமாக எழுதினார். 1881-இல் கடிதங்களை விட்டுவிட்டு அந்தக் கட்டுரையை மட்டும் திரும்ப அச்சிட்டார்கள். இன்றும் படிக்கிறார்கள். நேற்று ராத்திரி நானும் படித்தேன், சில பக்கங்களை இரண்டு தடவை.

ஐந்தாம் நாள், ரயிலில்

கிங்ஸ் கிராஸ் டு எடின்பரோ, நாலரை மணி நேரம். நியூகாசில் தாண்டியதும் வலதுபக்கம் கடல். மகள் இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு கூட வருகிறாள். இறங்கிய ஸ்டேஷனின் பெயர் வேவர்லி; வால்டர் ஸ்காட்டின் நாவல் வரிசையின் பெயரை ரயில் நிலையத்துக்கே வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் அவருக்கு 61 மீட்டர் உயரத்தில் நினைவுக் கோபுரம். ஒரு ஊர் தன் எழுத்தாளனை இப்படித் தூக்கி வைத்தால், அவன் கைப்பட்ட ஒரு துண்டுத் தாளுக்கு என்ன விலை இருக்கும்! அந்த ஆசையில்தான் ஆன்டீக் ஸ்மித் என்ற போலிக் கையெழுத்துக்காரன் கடை விரித்தான். அவனைப் பற்றி நாளைக்கு.

ஒரு தபால் விஷயம். இங்கே சில சிவப்புத் தபால்பெட்டிகளில் ராணியின் பெயரெழுத்துகளுக்குப் பதிலாக ஸ்காட்லாந்தின் கிரீடம் மட்டும் இருக்கிறது. 1952-இல் இந்த ஊரின் இஞ்ச் பகுதியில் இரண்டாம் எலிசபெத் என்று பொறித்த பெட்டி வைத்தார்கள். ஸ்காட்லாந்துக்கு முதலாம் எலிசபெத்தே கிடையாதே, இரண்டாமவர் எங்கிருந்து வந்தார் என்று சண்டை. 1953 பிப்ரவரியில் அந்தப் பெட்டியை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். பெட்டி மேல் இருக்கிற ஒரு எண்ணுக்காக. எனக்கு அது புரிகிறது.

ஆறாம் நாள், எடின்பரோ

காலையில் லேடி ஸ்டேர்ஸ் குளோஸ் என்ற சந்துக்குள் இருக்கிற எழுத்தாளர் அருங்காட்சியகம். பர்ன்ஸ், ஸ்காட், ஸ்டீவன்சன் மூவருக்குமானது. படிகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி மாறி இருக்கின்றன, பார்த்து ஏற வேண்டும்.

ராபர்ட் பர்ன்ஸ் 1759-இல் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அவர் நம் பாரதி மாதிரி என்று சொன்னால் புரியும். கடல் கடந்து போனவர்களும் அவர் பிறந்தநாளுக்கு ஒன்றுகூடிப் பாடுகிறார்கள். 1880-களில் இந்த ஊரில் பர்ன்ஸ், ஸ்காட் கையெழுத்துகள் திடீரென்று மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. அடகுக் கடையில், பழைய புத்தகக் கடையில், எங்கே பார்த்தாலும். எழுதியவன் அந்த ஆன்டீக் ஸ்மித்தான்; முழுப்பெயர் அலெக்சாண்டர் ஹவ்லண்ட் ஸ்மித், ஒரு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. ஆபீசின் நிலவறையில் கிடந்த பழைய காகிதக் கட்டுகளை ஒழிக்கச் சொன்னார்களாம். அவற்றை விற்றுப் பார்த்தான், காசு வந்தது. கட்டுகள் தீர்ந்ததும் தானே எழுத ஆரம்பித்துவிட்டான். பழைய புத்தகங்களின் முன்னும் பின்னும் இருக்கிற வெற்றுத் தாள்களை வெட்டியெடுத்து எழுதினான். தாள் அசல், வயசும் அசல்.

ஆனால் பழைய தாளுக்கு ஒரு குணம் உண்டு. பூச்சி அரித்த ஓட்டை இருந்தால், உண்மையில் பழைய எழுத்தை அந்த ஓட்டை குறுக்கே தின்றுகொண்டு போயிருக்கும். பின்னால் வந்து எழுதுகிறவனோ ஓட்டையைச் சுற்றி ஒதுங்கி எழுதுவான்.

1892-இல் மாட்டிய விதம்தான் நான் இங்கே தேடிவந்தது. ஜேம்ஸ் மெக்கன்சி என்ற மருந்துக்கடைக்காரர் இந்தத் தாள்களை ஏராளமாகச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் ஒன்றை, கம்நாக் ஊர் நெசவாளி ஜான் ஹில்லுக்கு பர்ன்ஸ் எழுதிய கடிதம் என்று, கம்நாக் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் வெளியிட்டார். சின்ன ஊர்ப் பத்திரிகை. படித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நம் ஊரில் அப்படி ஒரு நெசவாளியா என்று ஒருவர் விசாரித்துப் பார்த்தார். அப்படி ஒரு ஆளே இருந்ததில்லை.

எங்கள் வேலையில் திரும்பி வருகிற கடிதத்தின் மேல் எழுதுவோமே, 'விலாசதாரர் இல்லை' என்று! நூறு வருடம் பிந்தி அந்தக் கடிதம் திரும்பிவிட்டது.

இன்னொன்று, பர்ன்ஸ் எழுதிய வெளிவராத கவிதை என்று மெக்கன்சி கொடுத்த 'ஏழையின் பிரார்த்தனை'. அது 1766-இலேயே லண்டன் மேகசின் இதழில் அச்சானது என்று கண்டுபிடித்தார்கள். அப்போது பர்ன்ஸுக்கு ஏழு வயது. அப்புறம் எடின்பரோ ஈவினிங் டிஸ்பாட்ச் பத்திரிகை அந்தத் தாள்களின் நகலை அச்சிட்டது. பார்த்த ஒருவர், இது எனக்குத் தெரிந்த குமாஸ்தாவின் எழுத்து ஆயிற்றே என்றார். 1893 ஜூனில் வழக்கு. எழுதியதற்காக அல்ல, அசல் என்று சொல்லி விற்றதற்காக. பன்னிரண்டு மாதம் சிறை.

நியூயார்க்கில் ஜான் ஸ்டூவர்ட் கென்னடி என்ற பெரிய செல்வந்தர் இருந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து போனவர். எடின்பரோப் புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் பர்ன்ஸ் கையெழுத்துகளை நூற்றுக்கு மேல் வாங்கி, அங்கே ஒரு நூலகத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். பார்த்தால் பெரும்பாலும் ஸ்மித் எழுதியவை. ஊரைவிட்டுப் போன மனிதர், ஊர்க்கவிஞனின் கையெழுத்து என்று எத்தனை பத்திரமாகத் தொட்டிருப்பார்.

மகள் கேட்டாள், "இவ்வளவு திறமை இருந்தவன் சொந்தமா எழுதியிருக்கலாமே அப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்மித்தின் போலிகளைப் படித்தவர்கள் எல்லாரும் சொல்வது, அவற்றில் விஷயமே இல்லை என்பது. நலமா, பணம் வந்தது, புத்தகம் அனுப்பு. கையெழுத்துப் பழகலாம். பர்ன்ஸ் சொல்ல நினைத்ததை எங்கே போய்ப் பழகுவது?

ஏழாம் நாள், எடின்பரோ

ஜார்ஜ் நான்காம் பாலத் தெருவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகம். 2006-இல் மர்ரே குடும்பத்தின் ஆவணங்கள் மொத்தமும் 3 கோடியே 12 லட்சம் பவுண்டுக்கு இங்கே வந்து சேர்ந்தன. முதல் நாள் நான் எதிரே நின்று பார்த்த வீட்டின் மாடியில் இருந்தவை. 1852-இல் பக்கத்தில் வைத்து ஒப்பிட உதவிய பைரன் கடிதங்களும் அந்தச் சேகரத்தோடு சேர்ந்தவை. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வடக்கே வந்தேன். ஒரு மாதம் முன்பே மகள் எழுதி அனுமதி கேட்டு வைத்திருந்தாள்.

வாசகர் அட்டை கொடுத்தார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். பையை வெளியே வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பஞ்சுத் திண்டு வைத்து அதன்மேல் கோப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். ராவென்னாவிலிருந்து 1821-இல் எழுதிய கடிதம்.

எழுத்தை நான் முதலில் பார்க்கவில்லை. பழக்கம், கை தானாக விலாசப் பக்கத்துக்குத்தான் போயிற்று. மடித்த கோடுகள் அழுக்கேறி இருந்தன. அரக்கு ஒட்டியிருந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. மர்ரே அவசரமாகப் பிரித்திருக்கிறார். விலாசத்தில் பெயர், ஆல்பமார்ல் தெரு, லண்டன். அதன்மேல் ஊர் முத்திரை. சின்ன எழுத்து, கூர்மை. அதீனியம் பத்திரிகைக்காரர் எழுதியது சரிதான்.

ராவென்னாவில் ஒரு குமாஸ்தா மேஜையில் வைத்து ஒரே குத்தாகக் குத்தியிருக்கிறார். அவருக்கு இந்தக் கடிதத்தை எழுதியவர் யாரென்பது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அடுத்த கடிதம் காத்திருந்திருக்கும். மகள் மெதுவாக, "படிங்கப்பா" என்றாள். கொஞ்சம் இரு என்று சைகை காட்டிவிட்டு, பாக்கெட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன்.